இருபத்தேழுக்கு இருபத்தேழு

றோஸ் அக்காவைப் பற்றி ஆரும் கேட்டால், முதலிலை என்ரை வண்டவாளத்தைச் சொல்லிப்போட்டுத்தான் அவவின்ரை கதைக்கு வருவன். அதுதான் நியாயம். ஏனெண்டால் ஆளைக் கண்ட முதல் நாளே, “உவவை வைச்சு என்னத்தை ஆராய்ச்சி செய்யிறது” எண்டு எங்கடை பேராசிரியர் மடத்துக்கு ஃபோன் எடுத்து முறைப்பாடு சொன்ன ஆள் நான்.

என்ரை பேர் தக்சாயினி. ஊர் உடுப்பிட்டி. பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒண்டிலை உதவியாளரா வேலை செய்யிறன். இளம் பிள்ளையளுக்கு ஒழுங்கா உடற்பயிற்சி குடுத்தால் மனச்சோர்வு குறையுதோ இல்லையோ எண்டு பார்க்கிறதுதான் ஆராய்ச்சி. அதுக்குத் தலைமை பேராசிரியர், நாங்கள் மடம் எண்டு கூப்பிடுற ஆள். கிழமைக்கு மூண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், மொத்தம் பன்னிரண்டு கிழமை. தொடங்க முதல் ஒருக்கா, நடுவிலை ஒருக்கா, முடிய ஒருக்காப் பிள்ளையளிட்டை வினாத்தாள் குடுத்து நிரப்புவிக்கோணும். கடதாசியிலை பார்க்க மெத்தச் சுகமாத்தான் இருந்தது.

குருநகரிலை நாற்பத்திரண்டு பிள்ளையள் சேர்ந்தினம். பதினாறிலை இருந்து பத்தொன்பது வயசு வரை. பின்னேரத்திலை பயிற்சி வைப்பமெண்டால் ஒரு பிள்ளையும் இல்லை, எல்லாம் ரியூசன். யாழ்ப்பாணத்திலை பின்னேரம் பிள்ளையளைப் பிடிக்கிறதெண்டால் ரியூசன் கொட்டிலுக்குள்ளைதான் பயிற்சி வைக்கோணும். சரி, விடிய அஞ்சரைக்கு வைப்பமெண்டு பார்த்தால், டிப்ளோமா முடிச்ச பயிற்சியாளர் ஒருத்தரும் அந்த நேரத்துக்கு வரமாட்டினமாம். கடைசியிலை பங்குத் தந்தைதான் றோஸ் அக்காவின்ரை பேரைச் சொன்னவர்.

வயசு முப்பத்துநாலு. நண்டுக் கம்பனியிலை வேலை. கைவிரல் முழுக்க நண்டு கடிச்ச தழும்பு. பங்கிலை பொம்பிளையளின்ரை கரப்பந்தாட்ட அணிக்குத் தலைவி. கழுத்திலை ஜெபமாலையும் விசிலும் ஒண்டா மாட்டிக்கொண்டு வந்து நிண்டா. எங்கடை பயிற்சிக் கைந்நூலைக் குடுத்தன். நாற்பது பக்கம். ஒருக்காலும் திறந்து பாக்காமல் பையுக்குள்ளை வைச்சா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் சோதிச்சுப் பாப்பமெண்டு, “அக்கா, முதல் பத்து நிமிசம் என்ன செய்யோணும்?” எண்டு கேட்டன்.

அவ முழுக்கச் சொன்னா. எத்தினை தரம், எத்தினை செக்கன், எதுக்குப் பிறகு எது எண்டு ஒண்டும் விடாமல் ஒப்புவிச்சா. சொல்லி முடிச்சிட்டு, “நாலாம் பக்கத்திலை ஒரு பிழை கிடக்கு மிஸ். முழங்காலை அப்பிடி மடக்கினால் பிள்ளையளுக்கு நோகும்” எண்டா. மடம் அந்தப் பக்கத்தை உடற்பயிற்சி வைத்தியருக்கு அனுப்பிக் கேட்டா. அவரும் பிழை எண்டுதான் சொன்னவர். நான் இருந்து நாலாம் பக்கத்தைத் திருத்தினன்.

இப்ப என்ரை கெட்டித்தனத்துக்கு வாறன். பெற்றோரிட்டைச் சம்மதக் கடிதம் வேண்டோணும். அதோடை மாதிரி வினாத்தாளையும் சேர்த்து அனுப்பினால் வீட்டிலை பயப்பிடாயினம் எண்டு நினைச்சன். ஒன்பது கேள்வி. நித்திரை வருதோ, சாப்பாடு இறங்குதோ, ஒண்டிலையும் மனம் பற்றாமல் இருக்கோ எண்டு போகும். ஒவ்வொண்டுக்கும் பூச்சியத்திலை இருந்து மூண்டு வரை இலக்கம். அடியிலை மொத்தம், இருபத்தேழுக்கு. இலக்கம் கூடக் கூடப் பிள்ளை கஷ்டப்படுது எண்டு அர்த்தம்.

ஒரு தாய் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கஜானன் சேரிட்டைக் குடுத்திட்டா. அவர் அந்தப் பக்கத்திலை விஞ்ஞானம் ரியூசன் குடுக்கிறவர், தங்கமான மனிசன். கேள்வியளை வாசிச்சாரோ தெரியாது, இருபத்தேழு எண்டதை மட்டும் வடிவாப் பார்த்திருக்கிறார். ஒன்பதுக்கும் மூண்டு போட்டு, படம் எடுத்து, வட்ஸ்அப் குறூப்பிலை போட்டுவிட்டார்.

முதல் நாள் தாளுகளைக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு பிள்ளையள் இருபத்தேழுக்கு இருபத்தேழு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் குருநகரிலை ஒரு பிள்ளையும் எழும்பி நடந்து வந்திருக்க ஏலாது. வந்ததுகள் எல்லாம் விசிலுக்கு முன்னம் கச்சான் கொறிச்சுக்கொண்டு நிண்டதுகள். ஒரு தாய் எனக்கு ஃபோன் எடுத்து, தன்ரை மகள் மாவட்டத்திலை எத்தினையாம் இடமெண்டு கேட்டா. கஜானன் சேரிட்டைப் போய்ச் சண்டை பிடிச்சன். மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, “புள்ளியெண்டால் கூட எடுக்கிறதுதானே பிள்ளை” எண்டார். 

ஒரே ஒரு தாளிலை மட்டும் இருபத்தொண்டு. “விடை குடுத்தும் ஒண்டு கோட்டை விட்டிட்டுது” எண்டு நான் கந்தோரிலை பகிடி விட்டன். எல்லாரும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பை நினைச்சால் இப்பவும் எனக்கு என்னிலைதான் கோபம் வரும்.

ஏனெண்டால் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லமெண்ட நினைப்பு வருதோ எண்டது. அதுக்குப் பூச்சியத்தை விட வேறை ஏதும் போட்டிருந்தால் அண்டைக்கே ஆற்றுப்படுத்துநருக்கு, அதாவது பிள்ளையளோடை இருந்து மனம்விட்டுக் கதைக்கிறவவுக்கு, அறிவிக்கோணும் எண்டது சட்டம். நாற்பத்திரண்டு பேரும் போட்டிருந்தால் ஆரை அறிவிக்கிறது? மடம் எல்லாத்தையும் தள்ளி வைச்சிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னா. நான் போய்ப் பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு, இது சோதினை இல்லை, உதிலை குறைச்சு வந்தால்தான் நல்லம் எண்டு விளங்கப்படுத்தினன்.

இரண்டாம் முறை நாற்பத்திரண்டு பேரும் பூச்சியம்.

 பயிற்சி அதின்ரை பாட்டுக்கு நடக்கட்டும், ஆறாம் கிழமை வேறை விதமா எடுப்பம் எண்டு முடிவெடுத்தம். நான் ரெண்டு கட்டுத் தாளையும் அலுமாரியிலை வைச்சுப் பூட்டினன்.

பயிற்சி எண்டால் அதுதான் பயிற்சி. நான் அஞ்சேகாலுக்குப் போறனெண்டால் றோஸ் அக்கா அஞ்சுக்கே வந்து மைதானத்திலை போத்தில் துண்டு பொறுக்கிக்கொண்டு நிப்பா. அஞ்சரைக்கு விசில். நாற்பத்திரண்டு பேரின்ரை பேரும் பாடம். இருட்டு விலகாத நேரத்திலை, ஒழுங்கையாலை வாற கால் சத்தத்திலையே ஆரெண்டு சொல்லுவா. “உவன் இடது கால் நொண்டுறான், நேற்றுக் கட்டிலிலை இடிச்சிருப்பான்” எண்டுவா. கேட்டால் இடிச்சுத்தான் இருப்பான். மூண்டாம் கிழமை பெடி பெட்டையள் சிரிக்கத் தொடங்கிச்சுதுகள். நாலாம் கிழமை மழை நாளிலையும் முப்பத்தெட்டுப் பேர் வந்தினம். நான் படிச்ச கட்டுரையளிலை இந்த வரவைக் கண்டதில்லை. உண்மையிலை வாயைப் பிளந்துகொண்டுதான் நிண்டனான்.

ஐந்தாம் கிழமை ஒரு நாள் பயிற்சி முடிஞ்சு வலை கழட்டேக்கை அவ என்னைக் கூப்பிட்டா.

“மிஸ், களைக்காத பிள்ளையளைப் பற்றி உங்கடை கைந்நூலிலை ஏதும் கிடக்கோ?”

“களைக்காட்டில் நல்லம்தானே அக்கா. உடம்பு பழகுது.”

“உது அப்பிடி இல்லை. விசில் ஊதினால் எல்லாம் தொப்பெண்டு நிலத்திலை விழுங்கள். ஜெயனி நிண்ட இடத்திலை நிக்கும். தண்ணி குடி எண்டால் குடிக்கும். இரு எண்டால் இருக்கும். சொல்லாட்டில் ஒண்டும் இல்லை. சிரிக்கிறாள்தான், ஆனால் மற்றதுகள் சிரிச்சு முடிஞ்ச பிறகு சிரிக்கிறாள்.”

ஜெயனி பதினெட்டு வயசுப் பிள்ளை, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுற ஏ.எல். சோதினைக்கு உயிரியல் படிக்கிறவள். ஒரு நாளும் பிந்தினதில்லை, ஒரு நாளும் வராமல் விட்டதில்லை. என்ரை புத்தகத்திலை முதல்தரப் பிள்ளை அவள்தான்.

“நேற்றுத் தன்ரை சப்பாத்தைச் சிநேகிதிக்குக் குடுத்திட்டாள். புதுச் சப்பாத்து” எண்டா றோஸ் அக்கா.

“நல்ல மனசு.”

“மிஸ், போன கிழமை தன்ரை நோட்ஸ் கொப்பியள் முழுக்க ஒருத்திக்குக் குடுத்தவள். சோதினைக்கு மூண்டு மாசம் இருக்க, ஏ.எல். எடுக்கிற பிள்ளை நோட்ஸைக் குடுக்குமோ?”

 எங்கடை ஊரிலை பிள்ளையள் பசிச்சாலும் சாப்பாட்டைக் குடுக்குங்கள், நோட்ஸைக் குடுக்காதுகள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே கந்தோருக்குப் போய் அலுமாரியைத் திறந்தன். தாளிலை பேர் இல்லை, இலக்கம்தான். பேர்ப் பட்டியலோடை ஒத்துப் பார்த்தன். அந்த இருபத்தொண்டு ஜெயனியின்ரை. சேரின்ரை விடையைப் பார்த்து எழுதாமல், தானா யோசிச்சு எழுதின ஒரே ஒரு பிள்ளை. ஒன்பதாவது கேள்விக்கு ரெண்டு போட்டிருந்தாள். நாற்பத்தொரு பொய்க்கு நடுவிலை ஒரு உண்மை அஞ்சு கிழமையாப் பூட்டின அலுமாரிக்குள்ளை கிடந்திருக்கு. அதைப் பார்த்துத்தான் நான் பகிடி விட்டனான். கதவைச் சாத்திப்போட்டு இருந்து அழுதன்.

மடம் என்னைப் பேசேல்லை. அண்டைக்கே ஆற்றுப்படுத்துநரைக் கூட்டிக்கொண்டு போனம். ஜெயனி வடிவா வந்து கதிரையிலை இருந்தாள். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாள். அந்தத் தாளைப் பற்றிக் கேட்க, “கஜானன் சேர் சொன்னபடிதான் போட்டனான் மிஸ். மாறிப் போட்டிட்டன் போல” எண்டு சிரிச்சாள். தாய் வாசலிலை நிண்டு என்னைப் பேசித் தள்ளினா. “ஏ.எல். நேரத்திலை என்ரை பிள்ளைக்கு விசர்ப் பட்டம் கட்டப் பாக்கிறியளோ?” ஆற்றுப்படுத்துநரும் பாவம், என்ன செய்யிறது, ஆபத்து ஒண்டும் தெரியேல்லை, கவனிச்சுக்கொள்ளவும் எண்டு எழுதிவைச்சிட்டுப் போனா.

கேட்டுப் பாத்தாச்சு, ஒண்டும் இல்லையாம் எண்டு நான் றோஸ் அக்காட்டைச் சொன்னன். தாளிலை இருந்ததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவ கேட்கவும் இல்லை.

“நாங்கள் கேட்டால் எங்களுக்குப் பிடிச்ச விடையைத்தானே சொல்லுவாள்” எண்டா. “அப்பிடித்தானே எல்லாரையும் பழக்கி வைச்சிருக்கிறம்.”

அடுத்த நாளிலை இருந்து அவ விடிய நாலே முக்காலுக்கு ஜெயனி வீட்டுப் படலையிலை போய் நிண்டா. வலை கட்டத் துணைக்கு ஆள் வேணுமெண்டு கூட்டி வருவா. பயிற்சி முடியத் திரும்பக் கொண்டுபோய்த் தாயின்ரை கண்ணுக்கு முன்னாலை விட்டிட்டுத்தான் கம்பனிக்குப் போவா. பயிற்சி இல்லாத நாளிலையும் பந்துக்குக் காத்தடிக்கோணும், கயிறு முடியோணும் எண்டு ஏதேனும் சாட்டோடை போவா. பிந்திப் போனதுக்குக் கம்பனியிலை பேச்சு வேண்டினவ எண்டு வேறை ஆளிட்டைத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆறாம் கிழமை, செவ்வாய்க்கிழமை. பயிற்சி முடிஞ்சு எல்லாரும் வேர்வையோடை நிலத்திலை இருக்கினம். நான் தாள் குடுத்துக்கொண்டு வாறன். பேர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும், எழுதி முடிச்சால் பெட்டிக்குள்ளை போடுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு வாறன். றோஸ் அக்கா கையை நீட்டினா.

“எனக்கும் ஒண்டு தாங்கோ மிஸ்.”

குடுத்தன். அவ எல்லாருக்கும் நடுவிலை நிலத்திலை காலை மடிச்சுச் சப்பாணி கட்டி இருந்தா. “நான் என்ரை விடையை வாசிக்கப் போறன்” எண்டா. “இப்பத்தைய விடை இல்லை. இருபத்தொரு வயசிலை இருந்த றோஸின்ரை விடை.”

நான் ஓடிப்போய், “அக்கா, அப்பிடி வாசிக்கக் கூடாது, பிள்ளையளின்ரை விடை மாறும். ஆராய்ச்சி பழுதாப் போகும்” எண்டன்.

“பழுதாப் போகட்டும் மிஸ்” எண்டா. கோபமாச் சொல்லேல்லை, இருக்கச் சொல்லுற மாதிரிச் சொன்னா. நானும் இருந்திட்டன்.

“முதலாவது, ஒண்டிலையும் மனம் பற்றேல்லை. மூண்டு. அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருசம் அது. நித்திரை, மூண்டு. சாப்பாடு, ரெண்டு. அம்மா தீத்தி விட்டவ.” ஒவ்வொண்டா வாசிச்சா.  “ஒன்பதாவது. செத்துப்போனால் நல்லமெண்ட நினைப்பு. மூண்டு. ஒவ்வொரு நாளும்.”

 பிறகு பின்னுக்கிருந்த பெடியன் ஒருத்தன் மெல்லமா, “பிறகு என்னண்டு அக்கா சுகப்பட்டது?” எண்டு கேட்டான்.

“எங்கடை அணியிலை அஞ்சு பேர்தான் இருந்தவை. ஆறாவது ஆள் இல்லாமல் விளையாட ஏலாது. ஒவ்வொரு பின்னேரமும் வந்து படலையிலை நிண்டு கத்துவாளுகள், றோஸ், ஆள் காணாது வா எண்டு. பாவம் பார்த்து இல்லை, உண்மையிலேயே ஒரு ஆள் குறைவு. போய் நிப்பன். பந்து வந்தால் கை தானாத் தூக்கும். அப்பிடி ரெண்டு மாசம் போக, ஒரு நாள் பசிச்சுது. ஆனால் விளையாட்டு மட்டும் காணேல்லை, அதையும் சொல்லோணும். ஆசுப்பத்திரிக்குப் போனனான். ஒரு வருசம் குளிசை குடிச்சனான்.” தாளை மடிச்சா. “இதுக்குச் சரியான விடை ஒருத்தருக்கும் தெரியாது. கஜானன் சேருக்கும் தெரியாது. எழுதுங்கோ.”

ரெண்டு மூண்டு பேர் சிரிச்சினம். பிறகு பேனைச் சத்தம் மட்டும்தான்.

அண்டைய தாளுகள் ஒண்டும் ஆராய்ச்சியிலை சேரேல்லை. மடம் குருநகரை முழுக்கவே விலக்கி வைச்சா, அதுதான் முறை. ஆனால் கூட்டிப் பார்த்தனான். மூண்டு, எட்டு, பதினொண்டு, பதினாறு, ஒண்டு. ஒண்டை ஒண்டு ஒத்துக்கொள்ளாத இலக்கங்கள். இத்தினை வருசப் படிப்பிலை நான் அவ்வளவு வடிவான புள்ளிகளைக் கண்டதில்லை. ஒன்பதாவதுக்குப் பூச்சியம் போடாத வேறை நாலு பிள்ளையளை அண்டைக்கே ஆற்றுப்படுத்துநரோடை கதைக்க வைச்சம்.

ஜெயனி கடைசியா எழும்பினாள். எழும்பிப் பெட்டியைத் தாண்டிப் போனாள். நான் கூப்பிட வாயெடுத்திட்டு நிப்பாட்டினன். நேரே போய்த் தாளை றோஸ் அக்காவின்ரை கையிலை குடுத்தாள்.

பேர் எழுதக் கூடாதெண்டு நான் நூறு தரம் சொன்னனான். மேலை, இலக்கம் போடுற கோட்டிலை, வடிவான எழுத்திலை தன்ரை முழுப் பேரையும் எழுதியிருந்தாள்.

றோஸ் அக்கா விடையளைப் பார்க்கேல்லை. பேரை மட்டும் பார்த்தா. “வாறியோ?” எண்டு கேட்டா.

“ஓம் அக்கா.”

ரெண்டு பேரும் வேர்த்த உடுப்போடை நடந்தினம். நான் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு பின்னாலை போனன், ஏறி ஓட மனம் வரேல்லை. வழியிலை ஜெயனி வீட்டிலை நிண்டு றோஸ் அக்கா தாயிட்டை மெல்ல ரெண்டு வசனம்தான் சொன்னா. என்னை அண்டைக்கு அந்தப் பேச்சுப் பேசின மனிசி செருப்பும் போடாமல் வெளிக்கிட்டா. பெரியாசுப்பத்திரியிலை துண்டு எடுத்து வரிசையிலை இருந்தம். எங்கடை முறை வர, தாயும் மகளும் உள்ளுக்குப் போச்சினம். நானும் அவவும் வெளியிலை வாங்கிலை இருந்தம்.

“ஊர் கதைக்குமே அக்கா” எண்டன்.

“கதைக்கும்தான்.” அவ கையிலை இருந்த தழும்பைத் தடவிக்கொண்டு இருந்தா. “பதின்மூண்டு வருசமா என்ரை மனிசனுக்குக் கூடச் சொல்லாமல் வைச்சிருந்தனான். இப்ப நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். பின்னேரம் போய் அந்தாளுக்குச் சொல்லோணும், வேறை ஆரும் சொல்ல முதல்.”

 நான் பட்டம் படிச்சனான், சட்டம் விதி எல்லாம் பாடம். ஒரு பிள்ளையை வெளியிலை கொண்டுவர இந்த மனிசி தன்னையே எடுத்து நடுவிலை வைச்சிருக்கிறா. அப்பிடி ஒரு ஆளுக்குப் பக்கத்திலை ஒரே வாங்கிலை இருக்கிறதே எனக்குப் பெரிய காரியமாப் பட்டது.

முக்கால் மணித்தியாலம் செண்டு கதவு திறந்தது. தாய் முந்தானையாலை முகத்தைத் துடைச்சுக்கொண்டு மருந்துத் துண்டோடை மற்றப் பக்கம் போனா. ஜெயனியின்ரை கண்ணும் முகமும் வீங்கிப் போய்க் கிடந்தது. வந்து றோஸ் அக்காவுக்கும் எனக்கும் இடையிலை, தாராளமா இடம் இருக்க, நெருக்கிக்கொண்டு இருந்தாள். 

“வியாழக்கிழமை எட்டரைக்குத் திரும்ப வரட்டாம்” எண்டாள் பேந்து.

“ம்.”

“வியாழன் விடிய எங்களுக்குப் பயிற்சி எல்லே அக்கா. அதை முடிச்சுக்கொண்டு வர நேரம் காணுமோ?”

நோட்ஸையும் சப்பாத்தையும் குடுத்து முடிச்ச பிள்ளை வியாழக்கிழமையைப் பற்றிக் கேக்குது. நான் மற்றப் பக்கம் திரும்பி அழுதன். றோஸ் அக்கா சுவரிலை இருந்த மணிக்கூட்டைப் பார்த்து விரல் விட்டு எண்ணினா.

“காணும்” எண்டா. “குளிச்சுப்போட்டு வரவும் நேரம் இருக்கு.”